வெளிநாட்டுப் படிப்பு: கடையை ஈடு வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகி இரண்டாவது நாள். மஃரிப் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியிறங்கிய என்னை ஹட்டனில் சிறியதொரு புடவைக்கடை நடத்தும் சகோதரர் ஒருவர் ஓரமாக அழைத்தார். கையில் பளபளப்பான ஒரு கையேடு. "ஸேர், மகனுக்கு ரெண்டு சீ, ஒரு எஸ். கெம்பஸ் கெடைக்காதாம். கொழும்பு ஏஜென்சியில யூகே போகலாம்னு சொல்றாங்க. கடைய ஈடு வெச்சா காசு சரிவரும். மகனும் போற முடிவுலதான் இருக்கான். நீங்க என்ன சொல்றீங்க?"

ஒரு கிழமை பொறுங்கள் என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு கிழமையில் அவருக்காகச் சேர்த்த விடயங்களையே இங்கு சற்று விரித்து எழுதுகிறேன். நான் வெளிநாட்டில் படித்தவன் அல்ல. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் பயிற்சி பெற்று, தோட்டப் பாடசாலைகளிலும் நகரப் பாடசாலைகளிலுமாக இருபது வருடத்துக்கு மேல் கற்பித்து வருகிறேன். ஆனால் போனவர்களையும், போய்த் திரும்பியவர்களையும், பாதியில் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருடைய விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவனும் நான்தான். அப்படி நிரப்பியதில் நான் செய்த ஒரு பிழையையும் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வெளிநாடு போவதும் வெளிநாட்டில் படிப்பதும் ஒன்றல்ல. மாணவர் வீசாவை வேலைக்குப் போகும் வாசலாக மட்டும் நினைத்துப் போகிறவர்கள் நம்மிடையே அதிகம். அது அவரவர் முடிவு. ஆனால் கடையையோ வீட்டையோ ஈடு வைத்து எடுக்கும் பணத்துக்கு ஒரு தகைமையும் அந்தத் தகைமையால் ஒரு தொழிலும் கிடைக்க வேண்டுமென்றால், கணக்கை வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும். படிப்பு முடிந்த பிறகு அந்தச் சான்றிதழை யார் ஏற்றுக்கொள்வார்கள்? இதுதான் முதல் கேள்வி. எந்த நாடு என்பது இரண்டாவது, எவ்வளவு காசு என்பது மூன்றாவது. நம்மவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகக் கேட்கிறார்கள்.

இலங்கையில் வெளிநாட்டுப் பட்டங்களை அங்கீகரிப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. குறிப்பிட்ட பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ, சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் கைநூலிலோ இடம்பெற்றிருக்கிறதா என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள். அரச ஆசிரியர் நியமனம், பட்டதாரிப் பயிலுனர், பல அரச பதவிகள் எல்லாவற்றுக்கும் அந்த அங்கீகாரக் கடிதம் வேண்டும். இதைப் பட்டம் பெற்ற பிறகு தேடுவதைவிட, பணம் கட்டுவதற்கு முன் எழுதிக் கேட்டுவிடலாம். அதற்குப் பெரிய செலவில்லை.

சில தொழில்களுக்குப் பல்கலைக்கழக அங்கீகாரம் மட்டும் போதாது. மருத்துவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீனா, பங்களாதேஷ், ரஷ்யா என்று நம் பிள்ளைகள் போகிறார்கள். திரும்பி வந்து இங்கு வைத்தியராகப் பதிவுபெற இலங்கை மருத்துவ சபை நடத்தும் ஈஆர்பீஎம் பரீட்சையில் தேற வேண்டும். அந்தப் பரீட்சைக்குத் தோற்றவே, படித்த மருத்துவக் கல்லூரி சபையின் பட்டியலில் இருக்க வேண்டும். உயர்தரத்தில் உயிரியல், இரசாயனம், பௌதிகம் ஆகியவற்றில் குறைந்தபட்சப் பெறுபேறும் வேண்டும். உயர்தரத்தில் அந்தத் தகுதி இல்லாத பிள்ளையை "அங்கே சேர்த்துக்கொள்வார்கள்" என்று அனுப்பிவிட்டு, ஆறு வருடம் கழித்து இங்கே வாசல் மூடியிருப்பதைக் கண்ட குடும்பங்கள் உண்டு. அங்கே சேர்த்துக்கொண்டது உண்மைதான். இங்கே ஏற்றுக்கொள்வார்கள் என்று யாரும் சொல்லவில்லையே!

பொறியியலில் வேறு ஒரு கணக்கு. வொஷிங்டன் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாட்டில் தரச்சான்று பெற்ற பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் அதில் முழு உறுப்பினரானது. நீங்கள் சேரப்போகும் பாடநெறி அந்த உடன்படிக்கையின் கீழ் தரச்சான்று பெற்றதா என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், அந்தக் குறிப்பிட்ட பாடநெறியைக் கேளுங்கள். ஒரே வளாகத்தில் ஒரு பட்டத்துக்கு இருக்கும், பக்கத்துக் கட்டடத்துப் பட்டத்துக்கு இருக்காது.

இன்னொன்றையும் மலையகப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு உள்நாட்டிலேயே ஒரு சலுகை இருக்கிறது. அரச பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் என்று பங்கிடுகிறார்கள். நுவரெலியா அந்தப் பதினாறில் ஒன்று. பதுளையும் அப்படித்தான். கொழும்பிலோ கண்டியிலோ கிடைக்காத பாடநெறி அதே இசட் புள்ளிக்கு இங்கே கிடைத்த வருடங்கள் உண்டு. ஆனால் மாவட்டம் எது என்பது உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடங்களில் பிள்ளை எந்தப் பாடசாலையில் படித்தது என்பதைப் பார்த்தே முடிவாகிறது. சாதாரண தரம் முடிந்ததும் "டவுன் ஸ்கூல்தான் நல்லது" என்று கொழும்புக்கு அனுப்பி, அந்தச் சலுகையைத் தாமே கைவிட்டு, பிறகு வெளிநாட்டுக்குக் கடன் தேடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

"கெம்பஸ் கிடைத்தாலும் காத்திருக்க வேண்டுமே ஸேர்" என்பார்கள். நியாயமான குறைதான். 2022 ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. பெறுபேறு, வெட்டுப்புள்ளி, அனுமதி என்று பிள்ளையின் இரண்டு வருடம் போய்விடுகிறது. அந்தக் காத்திருப்புத்தான் பலரை முகவர் நிலையங்களின் படியேற வைக்கிறது. என் அபிப்பிராயம் இது: முதற்பட்டத்தையோ உயர் தேசிய டிப்ளோமாவையோ இங்கே முடித்துவிட்டு, முதுமாணிக்கு வெளியே போவது நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரும்பாலும் இலாபம். மூன்று வருடச் செலவு ஒரு வருடமாகக் குறையும். அதைவிட முக்கியம், முழுச் செலவையும் ஏற்கும் புலமைப்பரிசில்களில் அதிகமானவை முதுமாணிக்குத்தான் இருக்கின்றன. பிரித்தானியாவின் செவனிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஜேர்மனியின் டாட், ஐரோப்பாவின் இரஸ்மஸ் முண்டுஸ், அவுஸ்திரேலியா அவார்ட்ஸ் எல்லாம் அந்த வகை. செவனிங்குக்குப் பட்டத்துடன் 2,800 மணித்தியால வேலை அனுபவமும் கேட்பார்கள். ஏறக்குறைய இரண்டு வருட முழுநேர வேலை. படிப்பு முடிந்து இரண்டு வருடம் நாட்டில் இருக்கவும் வேண்டும். பட்டம் பெற்று ஹட்டனில் ஒரு நிறுவனத்தில் இரண்டு வருடம் வேலை செய்த பிள்ளை அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த இடத்தில் நம் சமூகத்து முன்னோடிகள் இருவரை நினைவுபடுத்தத் தோன்றுகிறது. 1911 இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், இங்கே வரலாற்றில் பட்டம் பெற்று, அரசாங்கப் புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே நெடுநாள் இருக்கவில்லை. இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவானதும் 1935 இல் திரும்பி, அந்தச் சேவையின் முதல் முஸ்லிம் உத்தியோகத்தரானார். கேம்பிரிட்ஜில் முழுப் படிப்பையும் முடிக்காமல் வந்த அந்த மனிதர்தான் 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கி, வசதியற்ற பிள்ளைகளின் உயர்கல்விக்கு வழி செய்தார். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்தார். எகிப்துப் பயணத்தை 'மிஸ்ரின் வசியம்' என்று தமிழில் நூலாக எழுதினார். கண்டதைத் தன் மொழியில் தன் மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது.

மற்றவர் நம் மலைநாட்டுக்கு இன்னும் நெருக்கமானவர். மாத்தறையில் பிறந்த பதியுதீன் மஹ்மூத் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்தவர். திரும்பி வந்து கம்பளையில் ஸாஹிராக் கல்லூரியை நடத்தினார். பிறகு அரசியலுக்குப் போய், 1970 முதல் 1977 வரை கல்வி அமைச்சராக இருந்தார். பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகி, தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வரத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். அவருடைய தரப்படுத்தல் கொள்கை பற்றிக் கடுமையான விமர்சனங்கள் இன்றும் உண்டு, அது தனிக் கட்டுரைக்கான விடயம். நான் சொல்ல வந்தது, அலிகாரில் படித்தவர் முதலில் வந்து நின்ற இடம் கம்பளை என்பதுதான்.

இனி, நம் பகுதிப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள இந்தியப் புலமைப்பரிசில்கள். ஒவ்வொரு வருடமும் இந்திய உயர் ஸ்தானிகராலயம் அறிவிக்கிறது. இளமாணிப் படிப்புக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில், தகவல் தொழில்நுட்பத்துக்கு ராஜீவ் காந்தி புலமைப்பரிசில், முதுமாணிக்கு இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத்தின் பெயரிலான புலமைப்பரிசில். கற்கைக் கட்டணம், மாதாந்த உதவித்தொகை, தங்குமிடக் கொடுப்பனவு ஆகியவை இதில் அடங்கும். மருத்துவத்துக்கு இல்லை. மருத்துவத்துக்குக் கிடைக்கும் என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இவற்றுக்கு மேலாக இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் என்றொன்று இருக்கிறது. 1947 இல் தொடங்கியது. இங்கே உள்நாட்டில் படிக்கும்போதே உதவி தருவது. மலையகத்தவருக்குக் கொழும்பு வரை அலைய வேண்டிய தேவையும் குறைவு, கண்டியிலேயே உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது.

சொந்தச் செலவில் போவதானாலும் தமிழ்நாடு நமக்குப் பக்கம். திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் நியூ கல்லூரியும் 1951 இலிருந்து இயங்குகின்றன. பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு, சென்னையில் நீதிபதி பஷீர் அகமது சயீத் 1955 இல் தொடங்கிய மகளிர் கல்லூரி ஒன்றும் இருக்கிறது. பெண் பிள்ளைகள் விடயத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. என் வகுப்புகளில் கடந்த பத்து வருடமாக முன் வரிசைப் புள்ளி பெறுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆனால் "வெளியே அனுப்பலாமா?" என்று என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் வாப்பாமார் மகனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பாதுகாப்பான விடுதி, அருகிலுள்ள நாடு, தெரிந்த குடும்பம் என்று நிபந்தனைகள் போடுங்கள், அதில் தவறில்லை. நிபந்தனை போடுவதற்காவது ஒருமுறை பேச்சை எடுங்கள்.

மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகம் பற்றியும் நம் வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். 1961 இல் தொடங்கப்பட்டது. தெரிவானால் கல்வி, விடுதி, உதவித்தொகை, விமானச்சீட்டு எல்லாம் அவர்கள் பொறுப்பு. மலேசியாவில் 1983 இலிருந்து இயங்கும் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் சட்டம், பொருளியல், பொறியியல் எல்லாம் கற்பிக்கிறது. துருக்கி அரசின் புலமைப்பரிசிலும் நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கிறது. மார்க்கக் கல்விக்காகப் போகிறவரிடம் தொழில் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் கேட்பார்கள். பேசித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அவரும் திரும்பி வந்து குடும்பம் நடத்த வேண்டும். நல்ல அறபு மொழியறிவோடு வந்து, மாதம் முழுதும் ஓதிக் கொடுத்து, பள்ளி நிருவாகம் தரும் சொற்பச் சம்பளத்தில் கஷ்டப்படும் ஆலிம்களை நான் அறிவேன். அதே மொழியறிவோடு ஆங்கிலத்தையும் சேர்த்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தவரையும் அறிவேன். 2011 இல் அமானா வங்கி தொடங்கிய பிறகு இஸ்லாமிய நிதித்துறையில் வேலைவாய்ப்பு இந்நாட்டில் கூடியது. ஷரீஆ தெரிந்தவருக்குக் கணக்கியல் தெரியாது, கணக்கியல் தெரிந்தவருக்கு அறபு தெரியாது. அந்த இடைவெளியில் இரண்டும் தெரிந்தவருக்கு இடம் இருக்கிறது. அங்கே இருக்கும் நான்கு வருடத்தில், விடுமுறைகளில், இணையவழியில் ஒரு கணக்கியல் தகைமையைத் தொடங்கினாலே போதும்.

இப்போது காசு. புடவைக்கடைச் சகோதரர் காட்டிய கையேட்டில் வருடக் கட்டணம் 14,000 பவுண். மூன்று வருடத்துக்கு 42,000. ஒரு பவுணை 400 ரூபா என்று வைத்தாலும் ஒரு கோடியே அறுபத்தெட்டு இலட்சம். கையேட்டில் இல்லாதது, வீசாவோடு சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டிய சுகாதார வரி. மாணவருக்கு வருடம் 776 பவுண். மூன்று வருடத்துக்கு 2,328 பவுண், நம் காசில் ஒன்பது இலட்சத்துக்கு மேல். "பார்ட் டைம் செய்து கட்டிக்கொள்ளலாம்" என்றார்களாம். கணக்குப் பார்ப்போம். பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். 18 முதல் 20 வயதுடையவருக்கு 2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 10 பவுண். வாரம் 200, மாதம் 800 அல்லது சற்று மேல். அறை வாடகையும் சாப்பாடும் பஸ்ஸும் போனால் கட்டணத்துக்கு என்ன மிஞ்சும்? அவுஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலம், ஜப்பானில் வாரத்துக்கு 28. எல்லையைத் தாண்டி வேலை செய்து பிடிபட்டால் வீசாவே போய்விடும். அவுஸ்திரேலிய மாணவர் வீசாக் கட்டணம் 2024 ஜூலையில் 710 டொலரிலிருந்து 1,600 ஆகவும், அடுத்த வருடம் 2,000 ஆகவும் ஏறியது. வீசா மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பி வராது.

தோட்டத்திலிருந்து வரும் பெற்றோருக்கு இந்தக் கணக்கு இன்னும் பயங்கரமானது. 2021 இல் ஆயிரம் ரூபாவான நாட்சம்பளம் 2024 இல் 1,350 ஆனது. அந்தச் சம்பளத்தில் 25 நாள் பேர் விழுந்தாலும் மாதம் 33,750தான் வந்தது. ஆகவே அவர்கள் இந்த வழியை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. புலமைப்பரிசில் ஒன்றே வழி என்பதால் அதை மும்முரமாகத் தேடுகிறார்கள். டவுனில் கடை வைத்திருக்கும் நாமோ, ஈடு வைக்க ஒன்று இருக்கிறது என்பதாலேயே புலமைப்பரிசில் விளம்பரங்களைப் படிப்பதில்லை. இது என் வகுப்பறையில் நான் கண்ட வேடிக்கை.

2022 ஐ மறந்துவிட வேண்டாம். அந்த வருடம் மார்ச் ஆரம்பத்தில் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. ஒரு தவணைக்கு 4,000 டொலர் கட்ட வேண்டிய குடும்பம், எட்டு இலட்சம் தயார் செய்து வைத்திருந்து பதினாலரை இலட்சத்துக்கு அலைந்தது. காசு இருந்தவர்களுக்கும் வங்கியில் டொலர் கிடைக்கவில்லை. அந்த மாதங்களில் ஒரு பழைய மாணவனின் உம்மா, நகைகளை ஒவ்வொன்றாக விற்றதை நான் அறிவேன். முழுப் படிப்புக்கும் போதுமான பணம் இன்றைய விலையில் கையில் இருந்தால் போதாது. அதற்கு மேல் மூன்றிலொரு பங்காவது இருக்க வேண்டும் என்பது நான் சொல்லும் அளவுகோல்.

வங்கிக் கணக்கில் பணம் காட்டும் விடயத்திலும் ஏமாற்று நடக்கிறது. பிரித்தானிய வீசாவுக்கு உரிய தொகை 28 நாட்கள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாட்களுக்குப் பணத்தை வட்டிக்குத் தருவதையே சிலர் தொழிலாக வைத்திருக்கிறார்கள். வட்டி ஹராம் என்பது நமக்குத் தெரியும். அதோடு, போலி ஆவணம் என்று கண்டால் பிரித்தானியா பத்து வருடம் தடை விதிக்கும். இல்லாத பணத்தைக் காட்டிப் போகிற பிள்ளை, போன மறுமாதமே இல்லாத பணத்தோடுதான் வாழ வேண்டும் என்பதை முகவர் சொல்ல மாட்டார். முகவரின் கமிஷன் பிள்ளை சேர்ந்தவுடன் வந்துவிடுகிறது. பிள்ளை படித்து முடித்தானா என்பது அவர் கணக்கில் இல்லை. நிறுவனத்தின் அனுமதியையும் நீங்களே சரிபாருங்கள். 2012 ஆகஸ்டில் லண்டன் மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அனுமதி பறிக்கப்பட்டபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பிறகு அனுமதி திரும்பக் கிடைத்தது. ஆனால் நடுவில் போன காலம் போனதுதான். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரித்தானிய அரசே இணையத்தில் வெளியிடுகிறது. அவுஸ்திரேலியாவிலும் அப்படியொரு பதிவேடு உண்டு.

நான் செய்த பிழையைச் சொல்லும் இடம் இது. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு தோட்டப் பாடசாலையில் சாதாரண தர விண்ணப்பங்களை நிரப்பினேன். ஒரு மாணவியின் பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருந்தது. தந்தையின் பெயரை நான் கேட்ட மாதிரி ஆங்கிலத்தில் எழுதினேன். சான்றிதழ் அப்படியே அச்சாகி வந்தது. பல வருடம் கழித்து அவள் இந்தியப் புலமைப்பரிசிலுக்குத் தெரிவானபோது, கடவுச்சீட்டில் ஓர் எழுத்து, சாதாரண தரச் சான்றிதழில் ஓர் எழுத்து, உயர்தரச் சான்றிதழில் இன்னொன்று. சத்தியக் கடதாசி, பரீட்சைத் திணைக்களம், ஆட்பதிவுத் திணைக்களம் என்று அலைந்து முடிவதற்குள் அந்த வருட வாய்ப்புப் போய்விட்டது. அவளுடைய அப்பா என்னிடம் வந்து, "ஐயா, எழுத்துல என்னாங்கய்யா இருக்கு, ஆளு அதே ஆளுதானே" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வருடம் அவளுக்குக் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த ஒரு வருடத்தை அவளிடமிருந்து எடுத்தது என் பேனா.

முஸ்லிம் பெயர்களில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். முஹம்மது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதுகிறோம். ஒரே வீட்டில் மூத்தவனுக்கு ஒரு விதம், இளையவனுக்கு இன்னொரு விதம். போதாக்குறைக்கு, தகப்பன் பெயரை முதலெழுத்தாகப் போடுவதா, விரித்து எழுதுவதா என்பது ஒவ்வொரு ஆவணத்திலும் மாறும். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து, ஓர் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, அதையே சாதாரண தர விண்ணப்பத்திலும் அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் எழுதுங்கள். வகுப்பாசிரியர் நிரப்பும் படிவத்தை நீங்கள் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். ஆசிரியர் கோபிக்க மாட்டார். கோபித்தாலும் பரவாயில்லை.

ஐயெல்ட்ஸ் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். ஆகவே அவசரப்பட்டு எழுதி வைத்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. ஆனால் ஆங்கிலம் அந்தப் பரீட்சைக்காக மூன்று மாதத்தில் வந்துவிடாது. தமிழ் மொழிமூலம் படித்த நம் பிள்ளை விரிவுரையில் பின்வாங்குவது பாடம் தெரியாமல் அல்ல, வாய் திறக்கத் தெரியாமல்.

போன பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் போனவர்களே சொல்ல வேண்டும். திரும்பி வந்தவர்களில் நல்ல வேலையில் அமர்ந்தவர்களிடம் பேசியதில் ஒரு விடயம் பொதுவாக இருந்தது. அவர்கள் அங்கே செய்த பகுதிநேர வேலையில் ஒரு பகுதியாவது படிப்போடு தொடர்புடையது. களஞ்சியத்தில் பெட்டி தூக்கிய காசு நாலு மாதத்தில் தீர்ந்துவிட்டது, நூலகத்தில் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்தபோது பேராசிரியர் எழுதிக் கொடுத்த கடிதம் இன்னும் பயன்படுகிறது என்றார் ஒருவர். படிப்பு முடிந்து அங்கேயே வேலை தேடத் தரும் காலமும் சுருங்கி வருகிறது. பிரித்தானியாவில் இளமாணி, முதுமாணி முடித்தவருக்கு இரண்டு வருடம் இருந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவருக்கு 18 மாதம் என்று அறிவித்துவிட்டார்கள். ஜேர்மனி 18 மாதம் தருகிறது, அங்கே பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கற்கைக் கட்டணமும் இல்லை. ஆனால் முடக்கக் கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், ஜேர்மன் மொழி தெரியாமல் வேலை கிடைப்பது கடினம். ஆகவே வேலை தேடுவது கடைசி வருடத்தில் தொடங்கும் காரியமல்ல. வெளிநாட்டுச் சான்றிதழ்களுக்கு அந்தந்த நாட்டில் பெற வேண்டிய அத்தாட்சிகளையும் விமானம் ஏறுமுன் முடித்துவிடுங்கள். இங்கே வந்த பிறகு அதற்காகக் கூரியர் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

புடவைக்கடைச் சகோதரர் ஒரு கிழமைக்குப் பிறகு வந்தார். மகனையும் கூட்டி வந்திருந்தார். கணக்கை இருவர் முன்னும் போட்டோம். பையன் முகத்தில் முதலில் ஏமாற்றம்தான். நான் எதையும் மறுத்துச் சொல்லவில்லை, "உனக்கு அங்கே போய் என்னவாக வேண்டும்?" என்று மட்டும் கேட்டேன். அதை இதுவரை யாரும் கேட்கவில்லை என்றான். கணக்கியலில் விருப்பம் இருக்கிறதாம். கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்திருக்கிறான். கூடவே கண்டியில் ஆங்கில வகுப்புக்குப் போகிறான். ஏஸீஸீஏ பரீட்சையை இங்கிருந்தே எழுதலாம் என்பதை அவனே தேடிக் கண்டுபிடித்து எனக்குச் சொன்னான். இரண்டு மூன்று வருடம் கழித்து வெளியே போகலாம், போகாமலும் விடலாம். கடை இன்னும் ஈட்டுக்குப் போகவில்லை.

என் பாடசாலையில் மூன்று பிள்ளைகள் இந்த வருடம் இந்தியப் புலமைப்பரிசிலுக்குத் தயாராகிறார்கள். இருவர் தோட்டத்துப் பிள்ளைகள், ஒருத்தி டவுன் பிள்ளை. விபரம் கேட்க ஒரு சனிக்கிழமை கண்டிக்குக் கூட்டிப்போகலாம் என்று நினைத்தேன், அலுவலகம் அன்று பூட்டு என்பதால் வார நாள் ஒன்றில் லீவு போட்டுப் போகிறோம். வேனில் இன்னும் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது. ஹட்டன், டிக்கோயா, கொட்டகலைப் பக்கத்தில் அப்படி யாராவது பிள்ளை இருந்தால், பிறப்புச் சான்றிதழையும் சாதாரண தரச் சான்றிதழையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். எழுத்துக்கூட்டலை முதலில் பார்ப்போம்.